எல்லை வரை வெட்டலாம்

பிப்ரவரி 9

நடைபாதைக் கல் மறுபடியும் தூக்கிக்கொண்டது. தடுக்கி விழுந்து கட்டைவிரல் நகம் போயிற்று. எல்லாம் பக்கத்து வீட்டு பிரிட்சர்டின் பேரி மரம் செய்கிற வேலை. அவரிடம் இரண்டு உண்டு. வேலியோரம் நிற்பதன் வேர்தான் என் தோட்டத்தில் குடியேறியிருக்கிறது. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தே நரைத்தவளுக்குச் சட்டம் தெரியாதா? அடுத்தவர் மரத்து வேர் நம் நிலத்துக்குள் வந்தால் எல்லை வரை வெட்டலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. வெட்டியது மட்டும் அவர் சொத்து.

பிப்ரவரி 12

மரம் வெட்டும் நெட் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"காத்து அடிக்கிறது உங்க பக்கத்துல இருந்துதான். இந்தப் பெரிய வேருதான் மரத்தையே பிடிச்சு வெச்சிருக்கு. அறுத்தா அடுத்த புயலுக்கு அவர் பக்கம் சாஞ்சிரும். அவர்கிட்ட சொல்லிருங்க மிஸஸ் ஹாலம்."

சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 13

சொன்னேன், பாதியை. வேரை வெட்டப்போகிறேன் என்றதும், "மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது."

எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்!

பிப்ரவரி 15

வெட்டியாயிற்று. துண்டுகளைச் சட்டப்படி அவர் வாசலில் அடுக்கினேன். நன்றி சொல்கிறார் மனிதர்.

மே 4

பூத்துக் குலுங்குகிறது. நெட்டுக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 21

விழுந்துவிட்டது. மதியக் காற்றில், அவர் கொட்டகை மேல். சற்று முன்புதான் அதிலிருந்து வெளியே வந்தாராம். ஐயோ, உள்ளேயே இருந்திருந்தால்?

வேலியும் பெயர்ந்து கிடக்கிறது. அறுபட்ட வேர்முனைகள் என் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி. திரையை இழுத்துவிட்டேன்.

அக்டோபர் 22

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க! அவர், என்னிடம்!

"என் மரத்தால உங்களுக்கு எப்பவும் தொல்லைதான். வேலியை நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

அக்டோபர் 30

தூக்கம் இல்லை. சட்டம் என் பக்கம். அதனால் என்ன? நான் பொய் சொன்னேன். அதை எந்த எல்லைக்குள் வைப்பது?

நவம்பர் 6

நெட்டின் வண்டி அவர் வாசலில். பெயர்ந்த வேலி வழியாக எட்டிப் பார்த்தேன்.

"இன்னொண்ணையும் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் பிரிட்சர்ட். "ஜோடி இல்லாம இது காய்க்காது. நாளைக்கு இதோட வேரும் உங்க பக்கம் வந்து நிக்கும். எதுக்கு உங்களுக்குத் தொந்தரவு?"

நெட் என்னையே பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "விழும்னு இவன் அப்பவே சொன்னான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்ககிட்ட மறைச்சேன்."

பிரிட்சர்ட் நெட்டின் கையிலிருந்த ரம்பத்தை வாங்கி வண்டியில் வைத்தார்.

"சட்டப்படிதானே செஞ்சீங்க?"

"ஆமா."

"அப்ப சரி."

திட்டித் தொலைத்திருக்கலாம். மரத்தைத் தொடவிடாமல் நெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

டிசம்பர் 25

வருடாவருடம் வாசலில் ஒரு பாட்டில் இருக்கும், அந்தப் பேரிக்காயில் அவரே போட்ட மது. இன்று இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தேன்.

மார்ச் 2

புது வேலி போட்டிருக்கிறார். பாதிச் செலவு தருகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று.

மார்ச் 18

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிரிட்சர்ட் ஒரு பேரிக் கன்று நடுகிறார். பழைய குழி வெயிலில் காலியாகக் கிடக்கிறது. கன்றை நட்டது தோட்டத்தின் அந்தக் கோடியில், வெயிலே எட்டாத மதிலடியில். எத்தனை வருடம் வளர்ந்தாலும் அதன் வேர் என் பக்கம் வராது.