கதவுக்குப் பன்னிரண்டு துண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

எட்டாவது மாடி லிஃப்ட் கதவை இன்று சரிசெய்துவிட்டேன். வீட்டில் மகளின் அறைக் கதவுதான் திறக்கவில்லை. ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். காரணம் நான்.

பதினோரு வருடமாக இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பாதி லிஃப்ட் ரிப்பேர் குறிப்பு, பாதி வீட்டுக் கூத்து. கூத்துக்கு நாயகி அவள். பெயர் போட மாட்டேன். "இன்ஸ்பெக்டர்" என்று எழுதுவேன். பெரிய ரகசியம் காத்த மாதிரி! பதினான்கு வயதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, பயத்தில் உடையை நனைத்துக்கொண்டாளே, அதையும் எழுதினேன். நாலாயிரம் பேர் சிரித்தார்கள். இப்போது அவள் மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வகுப்பில் நுழைந்தால் ஒருவன் லிஃப்ட் மணி மாதிரி "டிங்" என்பானாம். பிறகு முப்பது பேரும் "டிங்".

செப்டம்பர் ஒன்றாம் தேதி வேறு பள்ளியில் சேருகிறாள். "நான் அங்க கால் வைக்கிறதுக்குள்ள என்னைப் பத்தி ஒரு வரிகூட இருக்கக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா." ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்த 'அவர்' நான்தான்.

ஆகஸ்ட் 5

மனைவி: "மொத்தத்தையும் இழுத்து மூடுங்களேன். விட்டது சனி."

முடியாது. போன வாரம்கூட எங்கேயோ ஒருவன் என் குறிப்பைப் பார்த்து லிஃப்ட் பிரேக்கைச் சரிசெய்து, உள்ளே மாட்டிய நாலு பேரை இறக்கியிருக்கிறான். அவள் கதைகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஆனால் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் இரண்டு வருடத்தோடு நின்றுவிடுகிறது. மொத்தம் 3,918 பதிவு. இவ்வளவா பேசினேன்?

ஆகஸ்ட் 9, சனி

ஏபிஐ என்று ஒன்று இருக்கிறது. பின்வாசல் மாதிரி. சாவியைக் காட்டினால் நம் பதிவுகளை, போட்ட தேதி நேரத்தோடு மூட்டை கட்டிக் கொடுக்கும், மணிக்கு இருநூறு. லிஃப்ட் கன்ட்ரோலரில் புரோகிராம் ஏற்றுகிறவன்தானே நான், பத்தாவதோடு நின்றால் என்ன? வீடியோ பார்த்துப் பார்த்துப் பதினைந்து வரி எழுதினேன். ஓடியது!

ஆகஸ்ட் 10

மூட்டை வந்தது. தமிழ் வரவில்லை. தலையில் கோடு கிழித்த ஆங்கில a, வட்டத்துக்குள் மாட்டிய R, இடையிடையே காலி. ஒவ்வொரு எழுத்தும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பதினோரு வருடமும் இப்படி.

ஆகஸ்ட் 13

எந்த மெக்கானிக்கும் முதலில் என்ன செய்வான்? துடைப்பான். நானும் துடைத்தேன். கண்ணுக்குத் தெரியாத குப்பையை நீக்க ஒரு பட்டன் இருந்தது. அழுத்தி, அதே ஃபைலிலேயே சேமித்தேன். துண்டுகளைத் தமிழாகக் கோக்கும் இரண்டு வரி புரோகிராம் இணையத்தில் கிடைத்தது. அது வரிக்கு வரி எர்ரர் என்றது. எர்ரரைத் தாண்டிப் போ என்றேன்.

"இன்ஸ்பெக்டர்" என்று தேடினேன். பூஜ்யம். கண்ணால் தேடியதில் ஓர் இடத்தில் "னஸபர" என்று கிடந்தாள்.

ஆகஸ்ட் 14

கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பெண்ணிடம் காட்டினேன். "என்னண்ணே இது, பல்செட்டைக் கழட்டி வச்சிட்டுப் பேசின மாதிரி இருக்கு?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பதினெட்டு நாள் இருக்கிறது. விட மாட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புத்தி வந்தது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? ஒரு முனையில் கரன்ட் கொடுத்து மறுமுனையில் பார்ப்போம். பக்கத்தில் "கதவு" என்று ஒரே ஒரு சொல் போட்டேன். (கீழே உடனே ஒருத்தர்: "அண்ணே, உடம்பு சரியில்லையா?") பின்வாசல் வழியாக அதை எடுத்து, துண்டுகளை எண்ணினேன். பன்னிரண்டு. என் பட்டனை அழுத்தி மறுபடி எண்ணினேன். பத்து.

நான்தான்! காலியாகத் தெரிந்தது காலி இல்லை. கம்ப்யூட்டருக்கு "கதவு" நான்கு குறி: க, த, வ, பிறகு உகரக் கொக்கி. குறிக்கு மூன்று துண்டு. சில மூன்றாம் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாது. குப்பை என்று அதைத்தான் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

முதலிலிருந்து எடுக்க வேண்டும். இருபது மணி நேரம். எடுக்கிறேன்.

ஆகஸ்ட் 19

துடைக்காமல் கோத்தேன். தமிழ்! இன்ஸ்பெக்டர்: 231.

ஆகஸ்ட் 20

231 மட்டும் இல்லை. "நம்ம வீட்டு ஒருத்தி", "அழுமூஞ்சி", "குண்டு பல்பு"... எத்தனை பெயர் வைத்திருக்கிறேன்! தேடிப் பயன் இல்லை. அத்தனையும் படிக்க வேண்டும். வேலைக்குப் போகும் முன் நூறு, டீ நேரத்தில் ஐம்பது, ராத்திரி இருநூறு, ஞாயிறு முழுக்க. ஒவ்வொன்றையும் அழிக்கும்போது "நிச்சயமாகவா?" என்று கேட்கிறது. நிச்சயமாகத்தான்.

என்னை நானே கிண்டல் செய்கிறவன் என்று நினைத்திருந்தேன். படித்தால், பத்து ஜோக்குக்கு ஏழு அவள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அந்த லிஃப்ட் பதிவு வந்தது. "3.50க்கு உள்ளே, 4.35க்கு விடுதலை" என்று நானே எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே அதே நாளில் இன்னும் மூன்று. நேரம்: 4.05, 4.11, 4.19. லிஃப்ட் கண்ணாடியில் தலை வாரும் மேனேஜரைப் பற்றி.

அன்று நாலு மணிக்கு முன்பே காவலாளி போன் செய்தார், யாரோ மாட்டிக்கொண்டதாக. இதோ வந்துட்டேன் என்றேன். டீக்கடையில் உட்கார்ந்து ஜோக் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே இருந்தது என் பிள்ளை என்று தெரியாது— தெரியாட்டி மட்டும்? யாரோன்னா இருக்கட்டும்னு விட்டுடலாமா? அவகிட்ட அன்னைக்கு என்ன சொன்னேன்? பாலத்துல வண்டி நகரலைன்னு. இதையும் சத்தமில்லாம அழிச்சிடலாம்டா. யாருக்குத் தெரியப் போகுது?

ஆகஸ்ட் 25

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய் நேரங்களைக் காட்டினேன்.

"பாலத்துல மாட்டிக்கிட்டேன்னு சொன்னீங்க."

"பொய்மா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 26

இன்றும் பேசவில்லை. முன்னூறு படித்தேன்.

ஆகஸ்ட் 28

காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"எண்ணூறு."

"நீங்க மூணு நாள்ல முடிக்க மாட்டீங்க. லேப்டாப்பை வச்சிட்டுப் போங்க." பிறகு, "டீக்கடைக்குப் போகாதீங்க."

அம்மா வழியாக இல்லை. நேராக.

ஆகஸ்ட் 31

முடிந்தது. கடைசிப் பதிவை அவளே அழித்தாள். அந்த லிஃப்ட் கதை.

செப்டம்பர் 1, திங்கள்

சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் "டிங்?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

செப்டம்பர் 20, சனி

சாயங்காலம் மகள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொன்னாள். அசடு வழிந்தது அவள்தான். மூவரும் சிரித்ததில் மனைவிக்கு விக்கல் எடுத்தது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தோம். என்ன நடந்தது என்பது அவளுடையது.

பக்கத்தில் இன்று போட்டது: "எட்டாவது மாடி, கதவு சென்சார். துடைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்."