இரண்டு கிண்ணம் பஞ்ச்

நவம்பர் 4

ஆராய்ச்சிக் கட்டுரையின் மூன்றாவது அத்தியாயம் நகரவில்லை. கிழக்கத்தியத் துறைமுகங்களில் பீர் வெயிலுக்குப் புளித்துப்போக, மாலுமிகள் அங்கே கிடைத்ததைக் கலந்தார்கள்: சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா. அதுதான் பஞ்ச். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். அது லண்டன் போயிற்று. எங்கள் கரீபியத் தீவுகளுக்கும் வந்தது. சாராயத்தின் இடத்தில் ரம். இதுவரை எழுதிவிட்டேன். ஆனால் இங்கே மார்த்தினிக்கில் கிண்ணம் போய் ஆளுக்கொரு சின்னக் கோப்பை வந்தது எப்படி? பேராசிரியர் ஓரத்தில் “ஏன்?” என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். என்னையே கேட்டால்?

நவம்பர் 7

அண்ணன் லொயிக் போன் செய்தான். பெண் வீட்டார் 17ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்களாம்.

“வரட்டும். மேசைல வெக்க வேண்டியத வெச்சிடலாம்” என்றார் அப்பா.

வைக்க வேண்டியது என்றால் ரம் பாட்டில், எலுமிச்சை, சர்க்கரை. ஈஸ்டருக்குப் பிறகு இந்த வீட்டில் பாட்டில் இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு அப்பா குடிக்கவில்லை. பாட்டில் இல்லாததால்தானா? தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

நவம்பர் 9

லொயிக்கோடு சண்டை.

“பாட்டில் இல்லாம எப்படிடி? அவங்கப்பா என்ன நெனப்பாரு?”

“அப்பா கைக்கெட்டற தூரத்துல பாட்டில் இருந்தா நான் என்ன நெனக்கறது?”

“நீ ஜெயிலர்டி, நதேஜ். உனக்கு வேற வேலையே கெடையாது.”

இங்கே விருந்தாளி தன் பஞ்ச் பானத்தைத் தானே கலப்பார். வீட்டுக்காரர் பாட்டிலை நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஊற்றும் கையைப் பார்ப்பது கஞ்சன் வேலை. எத்தனை வருடம் எல்லாரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்! அப்பா குடித்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 12

கிண்ணம்! பழைய முறையில், நானே கலந்து வைப்பேன். இரண்டு கிண்ணம். ஒன்றில் ரம். மற்றதில் கொய்யாச் சாறு, எலுமிச்சை, ஜாதிக்காய், அவ்வளவுதான். பாட்டிலே மேசைக்கு வராது. ஆராய்ச்சியால் ஒருவழியாக ஒரு பிரயோஜனம்.

நவம்பர் 17, ஞாயிறு

நாசம்.

பெண்ணின் அப்பா, மெஸ்யே செய்ன்வில், கிண்ணத்தைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். “ஓ, இந்த வீட்டுல அளந்துதான் ஊத்துவாங்களா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். லொயிக் சிரிக்கவில்லை.

ஹ்யூகெத் அத்தை இரண்டாவது கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு, “யாருடி செஞ்சா இத? ஞானஸ்நானக் கொழந்தைக்கா?” என்று கத்தினாள். நான் சமையலறையில் மீன் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தன் காரிலிருந்த ரம் பாட்டிலைக் கொண்டுவந்து பாதியை அந்தக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டாள். தம்பி வீட்டுப் பஞ்ச் சப்பென்று இருந்தால் அவளுக்கு அவமானம். உதவி செய்தாளாம்!

நான் வடைத் தட்டோடு வந்தபோது அப்பா கோப்பையை வாயில் வைத்திருந்தார். அப்படியே நின்றார். விழுங்கினார். கோப்பையோடு கொல்லைப்புறம் போனார்.

திரும்பி வந்தபோது கோப்பை காலி.

நவம்பர் 18

நேற்றிரவு எல்லாரும் போனபின் அப்பா கேட்டார்: “எனக்குன்னு தனிக் கிண்ணம் வெச்சியாமே.”

“உங்க நல்லதுக்குத்தான்பா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? பாட்டில் மேசைல இருந்தா அது பாட்டில்னு தெரியும், தள்ளி வெச்சிருப்பேன். சாறுன்னு நம்பிக் குடிச்சேன் பாரு.”

“மீதி என்னாச்சு?”

“மாமரத்துக்கு ஊத்திட்டேன். நம்பினா நம்பு, நம்பாட்டி போ.”

நம்பினேனா? விடிந்ததும் மாமரத்தடிக்குப் போய் நின்றேன். இரவெல்லாம் மழை. ஈர மண்ணில் என்னத்தைப் பார்ப்பது. சீ, என்ன பிறவி நான்.

நவம்பர் 21

எழுதியது: பூஜ்யம். லொயிக் போனை எடுப்பதில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அப்பா என்னைக் கேட்காமல் செய்ன்வில்லுக்குப் போன் போட்டார். “அடுத்த ஞாயிறு வாங்க. இந்தத் தடவ நீங்களே கலந்துக்கங்க.” கடைக்குப் போய் வெள்ளை ரம் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். ஒளிக்கவில்லை, அலமாரியில் வைத்தார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் சமையலறைக்குப் போனபடி இருந்தேன். மூடி திறக்கவில்லை. அப்பாவுக்கா தெரியாது, எனக்கு ஏன் இத்தனை தாகம் என்று?

டிசம்பர் 1, ஞாயிறு

எல்லாரும் வந்தார்கள். பாட்டில் மேசை நடுவில்.

செய்ன்வில் எலுமிச்சையைப் பிழிந்து, தாராளமாக ஊற்றி, “இது வீடு!” என்றார். அத்தை அவரையும் மிஞ்சினாள். பாட்டில் எனக்கு வந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊற்றினேன். அடுத்தது அவர். பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்; கழுத்து வலித்தது. ஜன்னலைப் பார்த்தேன். வாழை இலைமேல் மழை. பின்னால் கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம். நான் திரும்பவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை கார்ச் சாவியை மேசைக்குக் குறுக்கே அப்பாவிடம் எறிந்தாள். “அரிஸ்தீத், மலைப்பாதைல என்னால ஆகாதுடா. இந்த ஆளாலயும் ஆகாது. இந்த மேசைல தெளிவா இருக்கறது நீ ஒருத்தன்தான்.” செய்ன்வில் கைதட்டினார். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

இன்னும் திரும்பவில்லை. பாட்டில் மேசைமேல் இருக்கிறது, கால்வாசி மிச்சத்தோடு. நான் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை.