வெள்ளப் பக்கம் திறக்கவில்லை

வெள்ளி, ஜனவரி 9
விடாத மழை. எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ஆறு ஏறும் என்றேன், ஏறியது. கோத்தா திங்கி ஊரே பாதி தண்ணீரில். பள்ளி மண்டபத்துக்குத் தப்பி வந்தவர்களின் படங்களை அங்குள்ளவர்கள் எங்கள் தம்போய் தேவாலயத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றுகிறார்கள், சொந்தக்காரர் பார்க்க. சர்வர் தேவாலய அலுவலகத்தில், என் பொறுப்பில். பள்ளியில் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தேன்; ஆனால் ஜொகூரில் எனக்கு நிகர் இல்லை.
இன்று அதற்குப் பலத்த பூட்டு. எந்த முகவரிக்கு வரும் அழைப்பைச் சர்வர் கேட்கலாம் என்ற வரியில் 127.0.0.1 மட்டும். ராணுவமே வந்தாலும் உடையாது.
என் அக்கா லூர்துவின் வீடு கோத்தா திங்கியில், ஆற்றோரம். போன் போகவில்லை.

சனி, 10
மழை. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். ரொட்டி சானாய் இரண்டு, ருசி இல்லை.
அக்கா மகள் ரீத்தா சிங்கப்பூரிலிருந்து போன். "மாமா, பக்கமே தொறக்கல. அம்மா படம் வந்துச்சா?"
"எனக்கு ஜம்முனு தொறக்குது. உன் போன்தான் கோளாறு லா."
பொய் இல்லை. அலுவலகக் கணினியில் திறந்தது. புதுப் படம்தான் ஒன்றும் இல்லை.
அழுதாள். லீவு போட்டுவிட்டுத் தேடி வரவா என்றாள்.
"எதுக்கு? அம்மாகிட்ட நானே பேசிட்டேன். மண்டபத்துல கோப்பி குடிச்சிட்டு, போர்வை பத்தலன்னு சண்ட போட்டுட்டு இருக்காங்க."
சிரித்துவிட்டாள் பிள்ளை.

ஞாயிறு, 11
தூறல். பூசை முடிந்ததும் அலுவலகத்துக்கே வந்து மனைவி மேரி தன் போனை நீட்டினாள். "யாருக்குமே தொறக்கல. வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு கதவு தொறந்திருக்குன்னா எப்படிங்க?"
அலமாக். 127.0.0.1 என்பது கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. வெளியார் ஒருவருக்கும் வழியில்லை. மண்டபத்தாரும் படம் ஏற்ற முடியாமல் கிடந்திருக்கிறார்கள்.
தேவாலய நெட்வொர்க்கில் இந்தக் கணினிக்கு உள்ள முகவரியையும் அந்த வரிக்குக் கீழே சேர்த்தேன். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். மேரி போனில் திறந்தது. இந்த வேகம் வேறு யாருக்கு வரும்?
படங்கள் மளமளவென்று. பிள்ளைகள், பாய்கள், கூண்டோடு ஒரு கோழி. கடைசி வரை பார்த்தாயிற்று. அக்கா இல்லை.
ரீத்தா செய்தி: "தேங்க்ஸ் மாமா. அம்மா மண்டபத்துல இருக்காங்க, வீட்டுக்குத் தேடிப் போக வேணாம்னு மீட்புப் படகுக்காரங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன்."
மேரி அதைப் படித்துவிட்டு, "எந்த நம்பர்லங்க அக்கா பேசினாங்க?"
எந்த நம்பரிலும் இல்லை. நான் அக்காவோடு பேசவே இல்லை.