கோலா பீய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை

9, புதன்

வெயில். காலையிலேயே கழுத்தெல்லாம் கசகச. ஷேர் ஆட்டோவில் யாருடைய பையோ என் மடியில், படப்பை வரைக்கும்.

முதல் பீரியட் முடிந்ததும் கரஸ். கூப்பிட்டு அனுப்பினார். (கரஸ்பாண்டன்ட் என்று முழுதாக எழுத இன்று மனசில்லை.) லேப் அறையை யூனிஃபார்ம், புத்தகம் அடுக்குகிற ஸ்டோர் ஆக்கணுமாம்.

"சும்மாதானே மிஸ் கிடக்குது?"

பிள்ளைகள் எதையாவது கையால் தொட்டுப் பார்ப்பது அங்கே மட்டும்தான் என்றேன். கெஞ்சின மாதிரிதான் இருந்திருக்கும். சீ.

"ஞாயித்துக்கிழமை பேரன்ட்ஸ் வராங்க. அசர்ற மாதிரி சயின்ஸ் எதாவது பண்ணிக் காட்டுங்க. ரூம் பத்தி அப்புறம் பாக்கலாம்."

கோலா பாட்டிலில் புதினா மிட்டாய் போட்டால் பீய்ச்சி அடிக்குமே, அதைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருமுறைகூடச் செய்ததில்லை.

10, வியாழன்

வாங்க: சர்க்கரை இல்லாத கோலா, பெரிய பாட்டில். புதினா மிட்டாய், மேலே சொரசொரப்பாக இருப்பது. தயிர். கொசுவத்தி.

சரவணன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேலி. "இன்னா, டீச்சரம்மா ராக்கெட் வுடப் போறாங்களாம்?" சிரிப்பு வரவில்லை, கட்டின புருஷன் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பாவம், டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

11, வெள்ளி

மழை வருமா வராதா என்கிற வானம். மதியம் மைதானத்தில் ஒத்திகை. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, மிட்டாயை மொத்தமாக இறக்கினேன். புஸ். நுரை கொஞ்சம் வழிந்தது. ஏழாம் வகுப்பு மொத்தமும் "அவ்ளோதானா மிஸ்?"

பாட்டிலைத் தொட்டால் ஐஸ். ஆயா செல்வியக்கா ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள்.

"கலரை வெளிய வெச்சா யாரு மிஸ் குடிப்பாங்க? சில்லுனு இருக்கட்டும்னு வெச்சேன்."

"குடிக்க இல்லக்கா, கொட்ட."

"கொட்டவா?" ஏற இறங்கப் பார்த்தாள்.

சில்லென்று இருந்தால் வாயு திரவத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். நானே நடத்துகிற பாடம். முதலிலேயே தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. எரிச்சல், என் மேலேயே.

12, சனி

மிச்ச பாட்டில்கள் எங்கள் மொட்டை மாடியில், வெயிலில். துணி காயப்போடுகிற சாக்கில் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். மேகம் வந்தால் திட்டு. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

அறை போய்விட்டால் அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டுவதா? பயமாகத்தான் இருக்கிறது.

13, ஞாயிறு

மைதானம் நிறையக் கூட்டம். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்தவர்கள் பின்வரிசையில் கொட்டாவி விட்டபடி. செல்வியக்கா பேப்பர் கப்போடு பாட்டில் பக்கம் நகர்ந்தாள். முறைத்தேன்.

மிட்டாயை இறக்கிவிட்டு ஓடினேன். அடித்தது பார்! வேப்பமரக் கிளை வரைக்கும். வரவேற்பு பேனர், கரஸ். வேட்டி, எல்லாம் பழுப்பு. யாரோ ஒரு அம்மா, "எங்க கம்பெனி லைன்ல ஏர் ஹோஸ் புடுங்கிக்கினா இப்டித்தான்" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சிரித்தாள். இன்னொரு தடவை என்று கேட்டது பெரியவர்கள்தான். எல்லா பாட்டிலும் காலி. கரஸ். வேட்டியை உதறிக்கொண்டே கைதட்டினார்.

சரவணன் எடுத்த வீடியோவில் நான் குதிக்கிறேன். சந்தோஷம். அறை பிழைத்தது.

14, திங்கள்

தூறல். கரஸ். கேட்டிலேயே காத்திருந்தார்.

"அசத்திட்டீங்க மிஸ். எவ்ளோ பெரிய சயின்ஸ், மைதானத்துலயே முடிஞ்சிடுச்சு பாருங்க. இதுக்கு எதுக்குத் தனியா ரூம்?"

சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பாராட்டத்தான் நின்றிருக்கிறார்.

லேப் கதவு திறந்திருந்தது. மேஜை மேலெல்லாம் யூனிஃபார்ம் மூட்டை. செல்வியக்கா டெஸ்ட் ட்யூப்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இத்த எங்க மிஸ் வெக்கிறது?"

வாங்கிக்கொண்டேன். பெல் அடித்துவிட்டது. முதல் பீரியட் ஏழாம் வகுப்பு, எனக்குத்தான்.