பருப்பில் நான் தூவிய தூள்

என் வீட்டு மகாராணிக்கு,

கோதுமை ஆகாத சம்பந்தியம்மாவுக்குப் போன தடவை வயிறு கெட்டதே, அதில் உன் தப்பு கடுகளவும் இல்லை. பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கியவள் நீ. மணம் போதாதென்று உனக்குத் தெரியாமல் பருப்பில் பெருங்காயத்தூள் தூவிய மகானுபாவன் நான்! இன்று காலை பூதக்கண்ணாடியோடு ஆயிரத்தெட்டு டப்பாக்களை விசாரித்ததில் அகப்பட்டது. அந்தத் தூளில் பாதி கோதுமை மாவாம்.

அன்றைக்கு எல்லார் முன்னாலும், "என்னடி போட்டுத் தொலைச்சே?" என்று உன்னைக் கேட்டேன். அதிலிருந்து நீ விருந்தாளிக்குச் சமைக்கவே மாட்டேன் என்கிறாய்.

மதியம் அவர்கள் மறுபடி வருகிறார்கள். நீயே சமை, தாயே. டப்பாவை நாடு கடத்திவிட்டு, அந்தத் தூள் படாத புதுக் கரண்டி வாங்கி வருகிறேன். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும், "போட்டுத் தொலைச்சது நான்தான்" என்று சொல்வேன்.

பி.கு.: அந்தக் கரண்டியை என்னிடம் கொடுத்துவிடாதே. கெஞ்சினாலும்.