செதில் சுரண்டிய கலவாய்

12 செப்., வெள்ளி
காலையிலேயே வெக்கை. காற்று அசையவில்லை.

நான் வேலைசெய்யும் லிபெர்த்தா வீதி வீட்டில் இன்று விருந்து. வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் தம்பி தானே கடலடியில் குத்திய செர்னியா. நம் கலவாய்தான். மண்ணிறம், வெளிறிய திட்டுகள், தடித்த உதடு. "பத்து வருஷம் ஒரே பாறைப் பொந்து. நான் யாரென்று பார்க்க வெளியே வந்தது, அதுதான் அது விட்ட பிழை" என்று தம்பி சிரித்தார்.

சிஞ்ஞோரா சொல்லிவிட்டுப் போனது: குடலை மட்டும் எடு, செதிலை விடு. உப்புக்குள் புதைத்துச் சுடும் மீன். செதில் இல்லாவிட்டால் உப்பு சதைக்குள் இறங்கிவிடும்.

சுரண்டிவிட்டேன். பாதி முடிந்த பிறகுதான் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்துக் கை, மீனைக் கண்டால் முதலில் செதில். நல்லகாலம், மஞ்சள் பூசவில்லை.

சிஞ்ஞோரா வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "ராணிதானே? பதினொரு வருஷம் இங்கே இருக்கும் நீ இதைச் செய்ய மாட்டாய்."

ராணி, மூன்று மாதத்துக்கு முன் நானே சேர்த்துவிட்ட பிள்ளை. உள்ளறையில் அயன்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

13, சனி
வாங்க: சவர்க்காரம், பருப்பு, மகளுக்குக் கொப்பி.

ராணியின் போன். "அக்கா, என்னை இனி வரவேண்டாமாம். அடுத்த மாசம் பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கோணும். வேலைக் கடிதம் இல்லாமல் க்வெஸ்தூராப் பொலிசிலை என்னத்தைக் காட்டுறது?"

"நான் கதைச்சுப் பாக்கிறன்" என்றேன். சுரண்டியது நான் என்று சொல்லவில்லை.

15, திங்கள்
சிஞ்ஞோராவிடம் சொன்னேன். கோப்பி குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டே, முகம் பார்க்காமல். அவர் என் தோளைத் தட்டினார். "அவளுக்காகப் பொய் சொல்கிறாய். உனக்கு நல்ல மனம்."

இரண்டாம் முறையும் சொன்னேன். "போதும்" என்றார். வேறு ஆள் பார்த்தாயிற்றாம்.

மூன்றாம் முறை சொல்லவில்லை. உள்ளே ஓர் ஆறுதல் வந்தது. எழுதவே கை கூசுகிறது.

16, செவ்வாய்
மழை. பஸ் தரிப்பிடத்திலிருந்து ராணிக்குப் போன். எல்லாவற்றையும் சொன்னேன். 

"தெரியும் அக்கா. நீங்கள் சுரண்டேக்கை தண்ணி எடுக்க வந்தனான். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஏனடி அப்பவே சிஞ்ஞோராவுக்குச் சொல்லேல்லை?"

"எனக்கு வேலை எடுத்துத் தந்தது நீங்களெல்லோ."

பஸ் வந்தது. வேலைக்குப் போனேன்.