கழற்றிய நான்கு ஸ்பிரிங்குகள்

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்ததும் புது ரப்பர் வாசனை. உள்ளே எட்டுச் சக்கரங்கள். ஓசூரில் நான் வேலை செய்யும் இடத்தில், கிடங்குகளில் சரக்கு சுமக்கும் சிறு தானியங்கி வண்டிகளை வடிவமைக்கிறோம். சக்கரம் வருவது புதிதில்லை. ஆனாலும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றிருந்தேன். நீ இறந்து எட்டு மாதமாகிறது. உன்னிடம் நேரில் சொல்லாததை எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது.

கள்ளக்குறிச்சியில் நாம் படித்த கல்லூரிக்கு நீ கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாய், நான் மணலூர்பேட்டையிலிருந்து. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் உன் பஸ் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வரும். அந்த நேரத்தில் நீ நோட்டை மடியில் வைத்துப் படம் வரைவாய். நம் போட்டி ரோபோவின் சக்கர அமைப்பு முழுக்க அந்த பஸ் சீட்டில் உருவானது.

இப்போது பார்த்தாலும் அது நல்ல வேலையாகத்தான் தெரிகிறது. வண்டியின் நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டு சக்கரம். ஒன்று, விளிம்பில் சின்ன உருளைகள் பதித்தது. அது தரையில் இருந்தால் வண்டி பக்கவாட்டிலும் வழுக்கிப் போகும். மற்றது ரப்பர். அது இருந்தால் எதிராளி தள்ளினாலும் நகராது. எது வேண்டுமோ அதைக் காற்றழுத்த சிலிண்டர் தரையில் இறக்கும். நீ அதோடு விடாமல் மூலைக்கு ஒரு ஸ்பிரிங் சேர்த்தாய். எந்தச் சக்கரத்தையும் சிலிண்டரே இறக்குமே, இந்த வீண் எடை எதற்கு என்று கேட்டேன்.

"காத்து போயிடுச்சுனா இன்னாடி பண்ணுவ? அப்பவும் வண்டி ரப்பர்ல உக்காரணும். எவன் தள்னாலும் நவுரக் கூடாது" என்றாய்.

கோயம்புத்தூர் போட்டியில் எடை பார்த்தபோது வண்டி அரை கிலோ கூடுதலாக இருந்தது. நீ காற்று நிரப்பும் வரிசையில் நின்றிருந்தாய். மறுபடி எடை போடப் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். நான்கு ஸ்பிரிங்கையும் அவற்றைப் பிடித்திருந்த தகடுகளையும் கழற்றிப் பையில் போட்டேன். நீ வந்ததும் எடை சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று நீ கேட்பதற்குள் நம் அணியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதன்பிறகும் சொல்ல நேரம் இருந்தது. இரண்டு சுற்று ஜெயித்தோம். சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் காற்றுக் குழாய் பிடுங்கிக்கொண்டது. எந்தச் சக்கரமும் தரையைப் பிடிக்காமல் தொங்கியது. எதிரணி வண்டி நம்முடையதைக் காலி அட்டைப்பெட்டியைத் தள்ளுவதுபோலக் கோட்டுக்கு வெளியே தள்ளியது.

நீ வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாய். ஸ்பிரிங் இருந்த இடங்களில் வெறும் ஓட்டைகள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னாலேயே வந்த நம் துறை சார், ஸ்பிரிங் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சார் கழட்னேன். வெயிட்டு ஜாஸ்தியா இருந்துச்சு" என்றாய்.

திரும்பும் பஸ்ஸில், ஆத்தூர் தாண்டியதும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். நீ சொல்லல. கேட்டவருக்கு யாராச்சும் பதில் சொல்லணும் இல்ல?"

குரலில் கோபம்கூட இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அணித் தலைமை எனக்கு வந்தது. யாரிடமும் சொல்லாமல் மாற்றுகிறவளை வைத்துக்கொள்ள முடியாது என்று சார் உன் பெயரை எடுத்துவிட்டார். அவர் அறை லேபிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. நீ என்னோடு வழக்கம்போலப் பேசினாய், ஒன்றாகச் சாப்பிட்டாய். லேப் பக்கம் மட்டும் வரவில்லை. இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் நான் காட்டியது உன் படத்தைத்தான். சேர்ந்து செய்தது என்று சொன்னேன்.

நீ போன செய்தி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மஞ்சள் காமாலை, முற்றிவிட்டது என்று போட்டிருந்தார்கள். காரியத்தன்று உன் வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கூட்டம் குறைந்ததும் உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தப்பு செய்தவள் நான், பழி உன்மேல் போனது என்று புரியும்படி சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வந்து சாப்புடாம படுத்துக்கினு இருந்துச்சும்மா. இன்னாடின்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னுச்சு. இதுதானா?" என்றார்.

இதுதான் என்றேன். அவர் எழுந்து பாத்திரங்களை எடுத்துவைக்கப் போனார். மழை விட்டிருந்ததால் வெளியே கல்வராயன் மலை மரம் மரமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. இன்னொருவர் வரைந்த படத்தில் ஒரு துளையை நகர்த்துவதென்றாலும் எழுந்து போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இன்று மதியம்கூட மேல்மாடியில் ஒருவரிடம் போனேன். இதுக்கா மேடம் மாடி ஏறி வந்தீங்க, மெசேஜ் போட்டிருக்கலாமே என்றார். போட்டிருக்கலாம் என்றேன். அவர் படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.